இறம்பொடைப் பனியும் பின்கண்ணாடிக் கோடுகளும்

இறம்பொடை என்றதும் பலருக்கு நினைவில் வருவது நீர்வீழ்ச்சி. கம்பளையிலிருந்து புசல்லாவை வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் பெருந்தெருவில், 109 மீற்றர் உயரத்திலிருந்து இறங்கும் அந்த அருவியைப் பார்க்காமல் எவரும் கடந்து செல்ல முடியாது. பக்தர்களுக்கு அங்குள்ள ஆஞ்சநேயர் கோயில் நினைவில் வரும். இளைய தலைமுறைக்கு 2008ஆம் ஆண்டில் நிறைவுபெற்ற 225 மீற்றர் நீளமான சுரங்கப்பாதை. ஆனால், அந்தப் பாதையில் வாகனம் ஓட்டிப் பிழைக்கும் சாரதிகளிடம் கேட்டுப் பாருங்கள். அவர்கள் முதலிற் சொல்வது பனியைப் பற்றியே.

வெளியே நிற்கும் பனியைச் சாரதி ஒன்றும் செய்ய இயலாது. விளக்கைப் போட்டு, வேகத்தைக் குறைத்து, ஹோர்ன் அடித்துக்கொண்டு வளைவுகளைக் கடப்பார். வாகனத்துக்குள்ளேயே கண்ணாடியிற் படியும் மூட்டம் வேறு வகையானது. அதற்கு மருந்து உண்டு. அம்மருந்துகளுள் மிகக் குறைவாகப் பேசப்படுவது, காரின் பின்கண்ணாடியிற் செங்கபில நிறத்திற் கிடையாக ஓடும் மெல்லிய கோடுகள். ஆங்கிலத்தில் டிஃப்ரொஸ்டர் என்றும் டிஃபொகர் என்றும் வழங்கும் அதனைப் பின்கண்ணாடிச் சூடாக்கி என்று நாம் சொல்லலாம். இன்று மலையகத்தில் ஓடும் பெரும்பாலான கார்களிலும் வான்களிலும் அது இருக்கிறது. இருப்பதை அறிந்து பயன்படுத்துவோர் தொகை சொற்பம். குளிர்நாட்டுக்காரன் தன் உறைபனிக்காகச் செய்துகொண்ட இந்தச் சிறு கருவி எங்கள் தேயிலை மலைகளுக்கு வந்து சேர்ந்த வரலாறு சற்று விசித்திரமானது.

கணவாய் வழி

இறம்பொடைக் கணவாய் வாகனங்களைச் சோதிப்பது இன்று நேற்றுத் தொடங்கியதன்று. 1824 முதல் 1831 வரை தேசாதிபதியாக இருந்த சேர் எட்வர்ட் பார்ன்ஸ் காலத்தில் நுவரெலியா வெள்ளையரின் சுகவாசத்தலமாக உருவெடுக்கத் தொடங்கியது. 1841இல் புசல்லாவையில் ரொத்சைல்ட் தோட்டத்தைக் கொண்டிருந்த வோர்ம்ஸ் சகோதரர்கள் சீனத்துத் தேயிலைக் கன்றுகளை அங்கே நாட்டிப் பார்த்தனர். 1848இல் சாமுவேல் பேக்கர் நுவரெலியாவில் ஓர் ஆங்கிலேயப் பண்ணையை நிறுவும் நோக்குடன் ஆட்களையும் மாடுகளையும் கோச்சு வண்டியையும் இங்கிலாந்திலிருந்து கப்பலில் இறக்கினார். அந்தக் கோச்சு வண்டி மலையேறும் வழியிற் குதிரைகளோடு ஏறத்தாழ எண்பது அடிப் பள்ளத்தில் உருண்டது. குதிரைக்காரன் அதனை அறிவித்து எழுதிய எழுத்துப்பிழை மலிந்த கடிதத்தைப் பேக்கர் 1855இல் வெளியான தம் இலங்கை நூலிற் சேர்த்திருக்கிறார். இந்த மலைப்பாதையின் வாகன விபத்துப் பதிவுகளுள் மிகப் பழையவற்றில் ஒன்றாக அதனைக் கொள்ளலாம்.

அதே காலத்தில் தமிழகத்திலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு அழைத்து வரப்பட்ட நம் மூதாதையர் இந்த மலைகளைக் கால்நடையாகவே ஏறினர். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரிற் தேயிலை பயிரிட்டு, பின்னர் கோப்பி அழிந்து தேயிலை மலைகளை மூடிக்கொண்ட போதும் நிலைமை மாறவில்லை. அவர்களுக்கும் பனிக்கும் இடையே கண்ணாடி எதுவும் இருக்கவில்லை. தலையிற் போட்ட கம்பளியே எல்லாம்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் துரைமாரின் மோட்டார் கார்கள் வந்தன. அக்காலக் கார்களிலும் கண்ணாடி மூட்டம் பெரிய சிக்கலாக இருக்கவில்லை. காரணம் எளிது. அவை பெரும்பாலும் திறந்த வண்டிகள். மேலே துணிக்கூரை, பக்கங்களில் காற்று. அமெரிக்காவிற்கூட 1920களின் பிற்பகுதியிலேதான் நாற்புறமும் மூடிய கார்கள் பெரும்பான்மையாயின. மனிதன் தன்னைக் குளிரிலிருந்து காக்கக் கதவையும் கண்ணாடியையும் மூடிக்கொண்ட நாளிற்றான் இந்தக் கண்ணாடி மூட்டமும் பிறந்தது.

கண்ணாடி ஏன் மங்குகிறது?

காற்றில் எப்போதும் நீராவி உண்டு. எவ்வளவு நீராவியைக் காற்று தாங்கும் என்பதை வெப்பநிலை தீர்மானிக்கிறது. 25 பாகை செல்சியஸில் ஒரு கனமீற்றர் காற்று ஏறக்குறைய 23 கிராம் நீராவியைத் தாங்கும். 15 பாகையில் 13 கிராம். 10 பாகையில் 9 கிராம் மட்டுமே. மிஞ்சியது துளிகளாகக் குளிர்ந்த பரப்பில் ஒட்டிக்கொள்ளும். வெந்நீர்ப் பானையின் மூடியை எடுத்துப் பார்க்கும் எவருக்கும் தெரிந்த சங்கதி இது.

இறம்பொடை நீர்வீழ்ச்சி கடல் மட்டத்திலிருந்து சுமார் 945 மீற்றர் உயரத்திலும், நுவரெலியா நகரம் 1,868 மீற்றர் உயரத்திலும் உள்ளன. ஆயிரம் மீற்றர் ஏறினால் வெப்பநிலை ஆறு பாகையளவு இறங்கும் என்பது பொதுக் கணக்கு. ஆகவே, லபுக்கலையைத் தாண்டி நுவரெலியாவை எட்டுவதற்குள், கண்டியில் வியர்த்துக்கொண்டு ஏறிய பயணி குளிரில் நடுங்கத் தொடங்குகிறார். கண்ணாடிகளை ஏற்றி மூடுகிறார். அந்த மூடிய அறைக்குள் என்ன நடக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

ஒரு மனிதன் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சாலும் தோலாலும் மணிக்குச் சுமார் 40 கிராம் நீரை வெளிவிடுகிறான். காரில் ஐந்து பேர் இருந்தால் 200 கிராம். ஒரு சிறு காரின் உள்வெளி மூன்று கனமீற்றர் அளவுதான். 15 பாகையில் அந்தக் காற்றுத் தாங்கக்கூடிய நீராவி மொத்தமே 40 கிராம். அதிலும் பெரும்பகுதி முன்னரே நிறைந்திருக்கும். எனவே சில நிமிடங்களிலே கண்ணாடிகள் வெண்மையாகி விடுகின்றன. மழையில் நனைந்த குடையும் சேலையும் சப்பாத்தும் உள்ளே இருந்தால் இன்னும் விரைவு.

இன்னொரு நிலைமையும் உண்டு. தை, மாசி மாதங்களில் வானம் தெளிந்திருக்கும் இரவுகளில் நுவரெலியாவில் உறைபனி விழும். காற்றின் வெப்பநிலை பூச்சியத்துக்கு மேலே இருந்தாலும், திறந்த வானத்தைப் பார்த்துக் கிடக்கும் பரப்புகள் தம் வெப்பத்தை வானுக்குக் கதிர்வீசி இழந்து பூச்சியத்துக்குக் கீழே இறங்கிவிடும். தேயிலைக் கொழுந்து கருகிப்போவது இதனால். வெளியே நிறுத்திய காரின் கண்ணாடியில் காலையில் உப்புத் தூவியதுபோல் உறைபனி படிந்திருப்பதும் இதனாலேயே. செடியையும் கண்ணாடியையும் தாக்குவது ஒரே பனி.

உருளைக்கிழங்கும் புகையிலையும்

கருவிகள் வருமுன்னர் சாரதிகள் கைவைத்தியத்தை நம்பினர். பத்திரிகைப் பணி நிமித்தம் மலையகத்துக்குச் சென்ற நாட்களில் வாடகைக் கார்களில் இவற்றை நான் அடிக்கடி கண்டிருக்கிறேன். வெட்டிய உருளைக்கிழங்கைக் கண்ணாடியில் தேய்ப்பது ஒன்று. நுவரெலியாவில் உருளைக்கிழங்குக்கா பஞ்சம்? நனைத்த புகையிலையைத் தேய்ப்பது இன்னொன்று. சவர்க்காரத் துண்டைத் தேய்த்து உலர்ந்த துணியால் துடைப்பது மூன்றாவது.

இவற்றை வெறும் நம்பிக்கை என்று தள்ளிவிட முடியாது. கண்ணாடியில் மூட்டம் தெரிவதற்குக் காரணம் எண்ணற்ற நுண்துளிகள் ஒளியைச் சிதறடிப்பதே. சவர்க்காரம் நீரின் பரப்பிழுவிசையைக் குறைக்கிறது. துளிகள் திரளாமல் ஒரே மெல்லிய ஏடாகப் பரவுகின்றன. ஏட்டின் ஊடே பார்க்கலாம். கிழங்கின் மாச்சாறும் ஓரளவு இதே வேலையைச் செய்கிறது. ஆனால் அரை மணி நேரத்தில் அது வழிந்துவிடும். மறுபடி நிறுத்தித் தேய்க்க வேண்டும். முன்கண்ணாடிக்கே இந்தப் பாடென்றால் பின்கண்ணாடியை யார் கவனிப்பது? சாரதியின் கை எட்டாத தூரத்தில் அது இருக்கிறது.

பின்கண்ணாடி மலையில் எவ்வளவு அவசியம் என்பதைச் சமதரையில் ஓட்டுவோர் எளிதில் உணரார். ஒடுங்கிய மலைப்பாதையில் ஏறி வரும் வாகனத்துக்கு இறங்கும் வாகனம் இடம் விட வேண்டும் என்பது நெடுநாள் ஒழுங்கு. தோட்டத்துப் பாதைகளில் இடம் விடுவது என்றால் பின்னோக்கி ஓட்டி அடுத்த வளைவின் அகலமான இடத்துக்குப் போவது. ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம். பின்கண்ணாடி வெண்மையாக இருந்தால் சாரதி கதவைத் திறந்து, அரை உடம்பை வெளியே நீட்டிப் பின்னே பார்த்தபடி ஓட்டுவார். பஸ் வண்டியாயின் நடத்துநர் இறங்கி நின்று தகட்டைத் தட்டிச் சைகை தருவார். இறம்பொடையிலும் ஹட்டனிலும் பல தலைமுறைச் சாரதிகள் இப்படித்தான் தொழில் பழகினர்.

குளிர்நாட்டில் நடந்தவை

மேலைநாடுகளில் இந்தச் சிக்கலை அடுக்கடுக்காகத் தீர்த்தார்கள். 1903இல் அமெரிக்காவின் அலபாமாவைச் சேர்ந்த மேரி அண்டர்சன் என்ற பெண்மணி, கண்ணாடியை வெளிப்புறமாகத் துடைக்கும் வைப்பருக்குக் காப்புரிமை பெற்றார். நியூயோர்க்கில் பனி கொட்டும் நாளொன்றில் டிராம் வண்டிச் சாரதி கண்ணாடியைத் திறந்து வைத்துக்கொண்டு ஓட்டியதைக் கண்டதே அவருக்குத் தூண்டுகோல் என்பர். வைப்பர் வெளிப்புறத்து மழைக்கும் பனிக்கும் உதவியது. உட்புறத்து மூட்டத்தை அது தொட முடியாது.

அடுத்தது வெப்பக்காற்று. 1938இல் நாஷ் நிறுவனம் வெளிக்காற்றை வடிகட்டிச் சூடாக்கி உள்ளே செலுத்தும் ஏற்பாட்டைக் கார்களில் அறிமுகம் செய்தது. இயந்திரத்தைக் குளிர்விக்கும் வெந்நீரே இதற்கு அடுப்பு. அந்த வெப்பக்காற்றை முன்கண்ணாடியின் அடிப்பக்கத்தில் ஊதினால் மூட்டம் விலகும். 1968இல் அமெரிக்கா முன்கண்ணாடியைத் தெளிவாக்கும் கருவியைச் சட்டத்தால் கட்டாயமாக்கியது. கவனியுங்கள், முன்கண்ணாடிக்கு மட்டுமே அந்தச் சட்டம். இயந்திரம் முன்னே இருப்பதால் வெப்பக்காற்றை முன்கண்ணாடிக்குக் கொண்டு வருவது எளிது. பின்கண்ணாடிக்குக் குழாய் இழுப்பது கடினம். சில அமெரிக்கக் கார்களில் பின் இருக்கைக்குப் பின்னே ஒரு சிறு மின்விசிறியைப் பொருத்திப் பார்த்தனர். பயன் குறைவு.

எஞ்சிய வழி, கண்ணாடியையே மின்சாரத்தாற் சூடாக்குவது. இந்த எண்ணத்துக்கு விமானத்துறை வழிகாட்டியது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் உயரப் பறந்த விமானங்களின் கண்ணாடிகளில் பனி உறைவதைத் தடுக்க, வெள்ளீய ஒட்சைட்டின் ஒளி ஊடுருவும் மெல்லிய படலத்தைப் பூசி, அதன் வழியே மின்சாரம் செலுத்தினர். காரின் பின்கண்ணாடிக்கு மின்சூடாக்கியைக் கொண்டு வந்த பெருமை ஜேர்மன் மோட்டார்ப் பொறியியலாளர் ஹைன்ஸ் குனெர்ட்டுக்கு உரியதாகச் சொல்லப்படுகிறது.

ஆனால் கருவியைக் கண்டுபிடித்துவிட்டால் மட்டும் போதாது. மின்சாரம் எங்கிருந்து வரும்? அக்காலக் கார்களில் மின்சாரம் பிறப்பித்தது டைனமோ. பிரித்தானியச் சிறு கார்களின் டைனமோ முழு வேகத்தில் ஓடினாலும் சுமார் 20 அம்பியர்தான் தரும். வண்டி நின்றுகொண்டு இயந்திரம் மெதுவாக ஓடும்போது ஏறக்குறைய ஒன்றும் தராது. விளக்குக்கும் வைப்பருக்குமே அது பற்றாது. பின்கண்ணாடிச் சூடாக்கி ஒன்றே 12 முதல் 16 அம்பியர் வரை உறிஞ்சும். 1960களில் டைனமோவின் இடத்தை ஒல்டர்னேற்றர் பிடித்தது. அது மெதுவான ஓட்டத்திலும் மின்சாரம் தந்தது. இந்த மாற்றத்தின் பின்னரே பின்கண்ணாடிச் சூடாக்கி விலையுயர்ந்த கார்களிலிருந்து சாதாரணக் கார்களுக்கு இறங்கியது. 1970களில் மேலதிகப் பணத்துக்குக் கிடைத்த வசதி, 1980களில் குளிர்நாட்டுக் கார்களில் வழமையான உறுப்பாயிற்று.

கோடுகள் செய்யும் வேலை

மின்கடத்தியில் மின்னோட்டம் பாயும்போது பிறக்கும் வெப்பத்தின் அளவை 1840களில் ஆங்கிலேயர் ஜேம்ஸ் ஜூல் கணித்துச் சொன்னார். மின் இஸ்திரிக்கைப் பெட்டியிலும் நீர் கொதிக்கும் கேத்தலிலும் இயங்குவது அந்த விதிதான். பின்கண்ணாடியிலும் அதுவே.

நாம் கம்பி என்று நினைக்கும் கோடுகள் பெரும்பாலான கார்களிற் கம்பிகளல்ல. வெள்ளித் தூளையும் கண்ணாடித் தூளையும் குழைத்த பசையைச் சீலைத்திரை அச்சு முறையிற் கண்ணாடியின் உட்புறத்திற் கோடுகளாக அச்சிடுவர். பின்னர் கண்ணாடியை அறுநூறு பாகைக்கு மேல் சூடாக்கித் திடீரெனக் குளிர்வித்துக் கடினமாக்குவர். அந்த உலையில் வெள்ளிப் பசை கண்ணாடியோடு இறுகி ஒன்றாகி விடுகிறது. வெள்ளி கண்ணாடிக்குள் சிறிது ஊடுருவுவதால் வெளியிலிருந்து பார்க்கும்போது கோடுகள் செங்கபிலமாகத் தெரிகின்றன. கோடுகளின் இரு முனைகளையும் இணைத்தபடி கண்ணாடியின் இரு ஓரங்களிலும் அகன்ற பட்டைகள் உண்டு. ஒரு பட்டையில் மின்சாரம் ஏறி, எல்லாக் கோடுகளிலும் பிரிந்து பாய்ந்து, மறு பட்டையில் இறங்குகிறது. ஏணியின் படிகளைப் போன்ற அமைப்பு. ஒரு படி முறிந்தால் மற்றவை நிற்பதுபோல, ஒரு கோடு அறுந்தால் அது மட்டுமே செயலிழக்கும். ஏனையவை வேலை செய்யும்.

கணக்கையும் பார்த்துவிடலாம். சாதாரணக் காரின் பின்கண்ணாடி ஆறு கிலோ நிறை கொண்டது. 12 வோல்ட்டில் 15 அம்பியர் பாய்ந்தால் 180 வாட் வெப்பம். அந்த வெப்பம் முழுவதும் கண்ணாடிக்கே போனால், அதனைப் பத்துப் பாகை உயர்த்த ஏறத்தாழ ஐந்து நிமிடம் போதும். படிந்த ஈரம் பத்துக் கிராம் என்றால் அதனை ஆவியாக்க மேலும் இரண்டு நிமிடத்துக்குச் சற்று அதிகம். குளிர்ந்த காற்று ஒரு பங்கைப் பறித்துக்கொள்ளும். ஆயினும் பத்து நிமிடத்துக்குள் கண்ணாடி தெளிந்துவிடும். பல கார்களில் பத்துப் பதினைந்து நிமிடத்தில் அது தானாக அணையும்படி அமைத்திருப்பதன் காரணம் இதுவே. மூட்டம் விலகக் கண்ணாடி கொதிக்க வேண்டியதில்லை. உள்ளே உள்ள ஈரக்காற்று துளியாகத் தொடங்கும் வெப்பநிலையை விடச் சில பாகை கூடுதலாக இருந்தாலே போதும்.

முன்கண்ணாடிக்கு ஏன் இதே கோடுகளைப் போடவில்லை என்று வாசகர்கள் கேட்கலாம். சாரதியின் கண்முன் அத்தனை கோடுகள் ஓடினால் பாதை தெரியாது. 1985இல் ஃபோர்ட் நிறுவனம் ஐரோப்பாவிற் கண்ணுக்குப் புலப்படாத மெல்லிய கம்பிகளை இரு கண்ணாடித் தகடுகளுக்கிடையே பதித்த முன்கண்ணாடியை வெளியிட்டது. விலை அதிகமான அந்த முறை எல்லாக் கார்களுக்கும் பரவவில்லை.

மலையகத்துக்கு வந்த வழி

இலங்கை வெப்ப நாடு. இங்கு இறக்குமதியான பிரித்தானியக் கார்களுக்கு ஹீற்றர் தேவையென்று எவரும் கருதவில்லை. 1948இல் வெளிவந்து இலங்கையின் செல்லப்பிள்ளையாகிவிட்ட மொரிஸ் மைனரில் ஹீற்றர் பல ஆண்டுகள் மேலதிகப் பணத்துக்கு வாங்கும் உறுப்பாகவே இருந்தது. கொழும்புக்கு வந்த வண்டிகளில் அது அரிது. பின்கண்ணாடிச் சூடாக்கி என்ற பேச்சே இல்லை. கொழும்பின் வெயிலுக்கென வாங்கிய அதே வண்டி நுவரெலியாவின் குளிருக்கும் ஓடியது. அதே 1948இற்றான் மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்த சட்டமும் வந்தது என்பதை இங்கே நினைவூட்டாமல் இருக்க முடியவில்லை. காருக்குச் சொந்தக்காரராவது பற்றி அம்மக்கள் சிந்திக்கும் காலமா அது?

1960களில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் கார் இறக்குமதி இறுகியது. மேலைநாட்டுக் கார்களிற் பின்கண்ணாடிச் சூடாக்கி பரவிய அந்தப் பதினைந்து ஆண்டுகளில் இலங்கையின் மலைப்பாதைகளிற் பழைய மொரிஸும் ஒஸ்ரினுமே ஒட்டுப்போட்டு ஓடின. இறம்பொடைச் சாரதியின் உருளைக்கிழங்கு வைத்தியம் நீடித்ததற்கு இதுவே காரணம்.

1977இல் வந்த திறந்த பொருளாதாரம் கதவைத் திறந்தது. யப்பானில் சில ஆண்டுகள் ஓடிய கார்களும் வான்களும் ரீகண்டிஷன் என்ற பெயரிற் கப்பல் கப்பலாக வந்து இறங்கின. யப்பானின் வடபகுதி ஆண்டில் பல மாதங்கள் பனியில் மூழ்கிக் கிடப்பது. எனவே அந்த வண்டிகளில் ஹீற்றரும் பின்கண்ணாடிக் கோடுகளும் இருந்தன. நமக்காக எவரும் திட்டமிட்டு அனுப்பவில்லை. ஹொக்கைடோக்காரனின் பனிக்காகச் செய்தது, அவன் கழித்துவிட்ட வண்டியோடு சேர்ந்து எங்கள் மலைக்கு வந்தது. இலங்கையிலே அது உண்மையாகத் தேவைப்படும் ஒரே பிரதேசத்துக்குத் தற்செயலாகக் கிடைத்த கொடை அது.

ஆனால் கொடையோடு விளக்கம் வரவில்லை. கைநூல் யப்பானிய மொழியில் இருந்தது, அல்லது இல்லவே இல்லை. கோடுகளை வானொலி அன்டனா என்று எண்ணியோர் பலர். சில கார்களில் மேற்புறக் கோடுகள் உண்மையிலேயே அன்டனாவாகவும் அமைந்திருந்தமையால் அந்த எண்ணம் வலுப்பெற்றது. கொழும்பில் வாங்கிய முதல் உரிமையாளர் வெயிலுக்குப் பயந்து பின்கண்ணாடியிற் கறுப்புத் தாள் ஒட்டுவார். சில ஆண்டுகளின் பின் அந்தத் தாளைப் பிளேட்டால் சுரண்டி எடுப்பார்கள். கோடுகளும் சேர்ந்து போகும். அதன்பின் அந்த வண்டி மலையகத்துக்கு விற்கப்படும். இறம்பொடைக்கு வந்து சேரும்போது சுவிட்ச் இருக்கும், கோடுகளின் தழும்பு இருக்கும், வேலை மட்டும் நடக்காது.

எவருக்குக் கிடைக்கவில்லை?

இந்த வரலாற்றில் ஒரு பெரும்பகுதி மக்கள் இன்னும் இடம்பெறவில்லை. மலையகத்திற் பெரும்பாலோர் பயணிப்பது பஸ்ஸிலும் முச்சக்கரவண்டியிலும் கொழுந்து லொறியிலும். 1958இல் உருவான இலங்கைப் போக்குவரத்துச் சபையின் பஸ்களிலோ பின்னர் வந்த தனியார் பஸ்களிலோ கண்ணாடி மூட்டத்துக்கு ஒரு துணித்துண்டே ஏற்பாடு. ஐந்து பேருக்கு மணிக்கு 200 கிராம் நீர் என்று கண்டோம். எண்பது பேர் நெருங்கி நிற்கும் பஸ்ஸுக்கு அது மூன்று கிலோவுக்கு மேல். நனைந்த ஆடைகளின் ஈரம் தனி. முச்சக்கரவண்டியின் பின்புறம் தெளிவற்ற பிளாஸ்டிக் சன்னல். நோயாளியையும் பிரசவ வேதனைப்படும் பெண்ணையும் லொறியில் ஏற்றி, விடியற்காலைப் பனியில் ஆஸ்பத்திரிக்கு இறக்கிய கதைகளை மலையகத்தில் எந்தத் தோட்டத்திலும் கேட்கலாம்.

1970களில் ஐரோப்பியன் தன் சிறு காரிற் பெற்ற வசதி, ஐம்பது ஆண்டுகளின் பின்னும் எண்பது பேர் ஏறும் வண்டியில் இல்லை. 2025 மே 11ஆம் திகதி அதிகாலை, கதிர்காமத்திலிருந்து குருநாகலுக்குச் சென்ற பஸ் ஒன்று இறம்பொடை கெரண்டி எல்லப் பகுதியிற் பள்ளத்தில் வீழ்ந்து இருபதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். அந்த விபத்துக்குக் கண்ணாடி மூட்டம் காரணம் என்று நான் சொல்லவில்லை. அதிக சன நெரிசல் முதலிய காரணங்களே அப்போது பேசப்பட்டன. ஆனால் அந்தப் பாதை பிழைக்கு இடம் தராத பாதை என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை. சாரதிக்குப் பார்வையைத் தரும் ஒவ்வொரு சிறு கருவியும் அங்கே உயிர் காக்கும் கருவி. மலைப்பாதைக்கு அனுமதி பெறும் பஸ்ஸுக்குக் கண்ணாடியில் வெப்பக்காற்று ஊதும் ஏற்பாடு வேண்டும் என்று நிபந்தனை விதிப்பது பெருஞ்செலவான காரியமன்று.

வாகனம் வைத்திருப்போருக்குச் சில வார்த்தை

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியிலே தனியார் வாகனங்களுக்கு மீண்டும் அனுமதி கிடைத்தது. 1960களைப் போலவே இந்த இடைவெளியிலும் வண்டிகள் முதுமையடைந்தன. விலையோ எட்டாத உயரத்தில் இருக்கிறது. ஆகவே கையில் உள்ள பழைய வண்டியின் பின்கண்ணாடிக் கோடுகளைப் பேணுவது பயனுள்ள வேலை.

சுவிட்சை அறிந்துகொள்ளுங்கள். நீள்சதுரத்தினுள் மேல்நோக்கிய மூன்று நெளிந்த அம்புகள் என்றால் பின்கண்ணாடி. விசிறி வடிவத்தினுள் அதே அம்புகள் என்றால் முன்கண்ணாடி. யப்பானிய எழுத்துத் தெரியாவிட்டாலும் இந்தக் குறி உலகெங்கும் ஒன்றே.

கோடு அறுந்ததா என்று பார்க்கக் கராஜுக்குப் போக வேண்டியதில்லை. பனிக்காலையில் கண்ணாடி மங்கியிருக்கும்போது சுவிட்சைப் போடுங்கள். சில நிமிடத்தில் நல்ல கோடுகளை ஒட்டித் தெளிவான பட்டைகள் தோன்றும். எந்தக் கோட்டை ஒட்டித் தெளியவில்லையோ அது அறுந்தது. ஒரு கோடும் தெளியாவிட்டால் பியூஸையும் ஓரப்பட்டையிற் பொருத்திய வயரையும் பாருங்கள். அறுந்த இடத்தை வெள்ளி கலந்த மின்கடத்து மையால் பூசி இணைக்கலாம். கண்ணாடியை உட்புறம் துடைக்கும்போது கோடுகளின் குறுக்காகத் துடைக்காமல் அவற்றின் போக்கிலே மென்துணியால் துடையுங்கள். பிளேட்டும் உரக்காகிதமும் ஆகாது.

குளிரூட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 'குளிரிலே ஏசி எதற்கு' என்று அணைத்து வைப்பது மலையக வழக்கம். காற்றைக் குளிர்விக்கும் அந்தக் கருவி, காற்றிலுள்ள நீரைத் தன் குழாய்களிற் படியவைத்து வெளியேற்றி விடுகிறது. ஏசியையும் ஹீற்றரையும் ஒருங்கே இயக்கினால் உலர்ந்த வெப்பக்காற்றுக் கிடைக்கும். உட்காற்றையே சுற்றவிடாமல் வெளிக்காற்றை எடுக்கும்படி திருப்பி வைத்தால், முன்கண்ணாடியும் பக்கக் கண்ணாடிகளும் விரைவில் தெளியும். சிறிது பெற்றோல் கூடச் செலவாகும். வளைவுகள் உள்ள பகுதிக்கு மட்டும் போட்டால் போதும்.

உறைபனி படிந்த கண்ணாடிமேல் வெந்நீர் ஊற்றுவோரைக் கண்டிருக்கிறேன். கண்ணாடி ஓரிடத்தில் விரிந்து இன்னோரிடத்தில் சுருங்கி வெடிக்கும் அபாயம் உண்டு. இரவில் கண்ணாடியை ஒரு சாக்கால் மூடி வைத்தால் அது வானத்தைப் பார்த்து வெப்பம் இழக்காது. உறைபனியும் படியாது.

இந்த வேலைகள் எவற்றுக்கும் புதிய வாகனமோ பெரும் பணமோ தேவையில்லை. உங்கள் முற்றத்தில் நிற்கும் வண்டியின் பின்கண்ணாடியில் அந்தக் கோடுகள் இருக்கின்றனவா, அவை வேலை செய்கின்றனவா என்று நாளைக் காலையில் ஒருமுறை பாருங்கள். பின்னோக்கி ஓட்ட வேண்டி வரும் வளைவு எங்கே காத்திருக்கிறது என்பதை மலைப்பாதை முன்கூட்டிச் சொல்வதில்லை.